பூ விரியும் நேரத்தில் போனோடு போங்கள்: மாடித்தோட்டப் படங்களுக்கு ஒரு வழிகாட்டி

மாடித்தோட்டம் போட்டவர்கள் எல்லோருக்கும் முதல் வருஷத்திலேயே ஓர் ஆசை வந்துவிடும். முதல் வெண்டைப் பூ, முதல் தக்காளி, கொத்தாகத் தொங்கும் அவரை என்று எதைப் பார்த்தாலும் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பத் தோன்றும். ஆனால் எடுத்த படத்தைப் பார்த்தால் மனசு நிறையாது. நேரில் பார்த்த நிறம் அதில் இருக்காது. மல்லிகை வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பூவைவிடப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும்தான் கண்ணில் படும்.

இதற்காகப் புது போன் வாங்க வேண்டாம். கையில் இருக்கிற சாதாரண போனே போதும். செடியைத் தெரிந்துகொண்டு அதன் நேரத்துக்குப் போக வேண்டும், வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும், அனுப்பும்போது படத்தோடு நாலு வரி எழுத வேண்டும். தோட்டக்காரர் ஒருவர் அனுப்பும் படத்தை இன்னொரு தோட்டக்காரர் அழகுக்காக மட்டும் பார்ப்பதில்லை. இந்த ரகம் குரோ பேக்கில் (மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பை) இப்படிக் காய்க்குமா, நம் வீட்டு வெயிலுக்குத் தாங்குமா என்று பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் விதை தேடுவார். அதனால் படம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன்.

பூவுக்கு ஒரு நேரம் உண்டு

புதிதாக எடுப்பவர்கள் பலரும் தங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில், அதாவது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார்கள். அப்போது பூசணிப் பூ சுருங்கத் தொடங்கியிருக்கும். பீர்க்கம்பூ முந்தைய நாள் மாலையே விரிந்து முடிந்திருக்கும். எனவே முதல் வேலை, உங்கள் செடிகள் எப்போது பூக்கின்றன என்று தெரிந்துகொள்வது.

பூசணி, பரங்கி இரண்டும் விடியற்காலையில் விரியும். வெயில் ஏறினால் இதழ் துவண்டு மூடிக்கொள்ளும். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகும் பூசணிப் பூவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விடிகாலையில் கிண்ணம் போல விரிந்திருப்பது, கோலம் வெயிலில் காயும்போது வாடிப்போயிருக்கும். பாகற்பூவும் காலைப் பூதான். வெண்டைப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். வெளிர்மஞ்சள் இதழும் அடியில் அரக்கு நிறக் கண்ணுமாக அது நன்றாக இருப்பது காலை வேளையில்தான். செம்பருத்தியும் பெரும்பாலும் ஒருநாள் பூ, ஆனால் மாலைவரை தாங்கும்.

டேபிள் ரோஸ் வெயில் வந்தால்தான் வாய் திறக்கும். அதைப் பத்துமணிப்பூ என்று சொல்வது சும்மா இல்லை. மேகமூட்டமான நாளில் அது சரியாக விரியாது, அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மாலைக்கு வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. பீர்க்கம்பூ வெயில் தாழ்ந்ததும் மஞ்சளாக விரியும். சுரைப்பூ பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளையாக விரிந்து, காலையில் துவண்டு கிடக்கும். அந்திமந்தாரைக்குப் பெயரிலேயே நேரம் இருக்கிறது. மல்லிகை மொட்டு அந்தியில் அவிழும்.

இவற்றில் எல்லாம் என் மனசுக்கு நெருக்கமானது புடலம்பூ. மாலையில் பார்த்தால் சின்ன மொட்டு, ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். இருட்டிய பிறகு இதழ் விரியும்போது அதன் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் பிரிந்து பிரிந்து வெளியே வரும், பின்னல் வேலை செய்த துணியின் ஓரத்தைப் பிரித்து விட்டது மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் அந்த நூல்கள் திரும்பச் சுருண்டு கிடக்கும். புடலை வளர்த்தும் அந்தப் பூவைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இரவில் மாடிக்குப் போகாததுதான் காரணம்.

இரவுப் பூவுக்குப் போனின் பிளாஷைப் போடாதீர்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் வெள்ளைப் பூ தட்டையாகி, நூலெல்லாம் கரைந்துவிடும். வீட்டில் இன்னொருவரை அழைத்து, அவர் போனின் டார்ச்சைப் பக்கவாட்டில், ஒன்றரை அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். டார்ச்சின் மேல் ஒரு டிஷ்யூ தாளை வைத்தால் வெளிச்சம் மென்மையாகும். இருட்டில் போன் மெதுவாகப் படம் பிடிக்கும் என்பதால் கை ஆடக் கூடாது. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். நிஷாகந்தி பூக்கும் இரவிலும் இதே முறைதான். வீட்டில் பலரும் பிரம்மகமலம் என்று சொல்வதும் இந்தப் பூவைத்தான். சாயங்காலமே மொட்டு ஊதிக்கொண்டு வந்தால் அன்றிரவு விரியும் என்று அர்த்தம். போனை ஸ்டாண்டில் வைத்து டைம் லாப்ஸில் விட்டுவிட்டால், சில மணி நேரத்தில் விரிவதைச் சில நொடிகளில் காட்டலாம். விடிந்தால் அது தலை தொங்கிவிடும்.

வெளிச்சம்

நம் ஊரில் சூரியன் சரசரவென்று மேலே ஏறிவிடும். காலை 6 மணியிலிருந்து ஏழரை வரைதான் சாய்வான, இதமான வெளிச்சம். 8 மணிக்கு மேல் சித்திரை வைகாசியில் எடுக்கிற படத்தில் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் இருக்கும். மாலையில் 5 மணிக்குப் பிறகு மறுபடி நல்ல வெளிச்சம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக் கிடக்கும் நாட்கள் பூப்படத்துக்கு மிகவும் ஏற்றவை. நிழலே விழாமல் நிறம் ஆழமாகப் பதியும், எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

வேறு வழியில்லை, உச்சி வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஒரு பழைய வெள்ளை வேட்டி போதும். ஒற்றை மடிப்பாகச் செடிக்கும் சூரியனுக்கும் நடுவே பிடியுங்கள், துணிக்கொடி வசதியாக இருந்தால் அதிலேயே தொங்கவிடுங்கள். வெளிச்சம் வடிகட்டி வரும். கத்தரிக்காயின் பளபளப்பு மேல் விழும் வெள்ளைப் புள்ளி உடனே அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செடியின் நிழற்பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையையோ தெர்மாகோல் பலகையையோ சாய்த்து வையுங்கள்.

நிழல் வலை போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை வலைக்குக் கீழே எடுத்தால் எல்லாமே பச்சை அடித்துத்தான் வரும். வெள்ளைப் பூ பாசி பிடித்தது போலத் தெரியும். நம் கண் இதைப் பழகிக்கொள்ளும், போனுக்கு அந்தப் பழக்கம் முழுதாக வராது. தொட்டியைத் தூக்க முடிந்தால் வலைக்கு வெளியே, சுவர் நிழலுக்குக் கொண்டுவந்து எடுங்கள்.

போனைப் பிடிப்பது

முதலில் லென்ஸைத் துடையுங்கள். மண் கையோடு எடுத்த போனில் லென்ஸ் மேல் விரல் ரேகை இருக்கும், படம் பனி மூட்டமாக வரும். பருத்தித் துணியால் ஒரு துடைப்பு போதும்.

அப்புறம் தூரம். பூவுக்குள் நுழைகிற மாதிரி போனைக் கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. பல போன்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். கிட்டே போகப் போக உங்கள் கையின் நிழலும் பூ மேல் விழும். இன்னும் ஒரு முழம் பின்னால் வந்து 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பூவின் வடிவமும் கோணாமல் வரும், பின்னணியும் அடங்கும். மேக்ரோ வசதி உள்ள போன் என்றால் மிளகாய்ப் பூ, கொத்தமல்லிப் பூ போன்ற பொடிப் பூக்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது திரையில் பூவைத் தொட்டுக் கொஞ்ச நேரம் விரலை அழுத்திப் பிடிப்பது. பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் இருளும், மேலே இழுத்தால் வெளுக்கும். சில போன்களில் இதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன சூரியக் குறி வரும். சிவப்புச் செம்பருத்திக்கு இது கட்டாயம் வேண்டும். அப்படியே எடுத்தால் இதழ் முழுக்க ஒரே சிவப்புப் பூச்சாக வரும். இதழில் ஓடும் நரம்பு திரையில் தெரிகிற வரைக்கும் இருட்டாக்கிக்கொண்டு எடுங்கள். மல்லிகை, சுரைப்பூ, நந்தியாவட்டைக்கும் அதே கதைதான். இலை கறும்பச்சையாக இருப்பதால் போன் மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்துவிடும், பூ எரிந்துபோகும். வெள்ளைப் பூ கொஞ்சம் சாம்பல் சாய்ந்து தெரிந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். எரிந்த வெள்ளையை எந்த ஆப்பும் திரும்பக் கொண்டுவராது.

போர்ட்ரெய்ட் மோடைப் பூவுக்கு வைக்க வேண்டாம் என்பேன். பாகற்கொடியின் பற்றுச்சுருள், சூலகத்தின் நுனி போன்ற மெல்லியதை எல்லாம் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். பின்னணியை நாமே சரி செய்யலாம். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல் முட்டிபோட்டுப் பூவின் மட்டத்துக்கு வாருங்கள். இரண்டடி நகர்ந்தால் தண்ணீர்த் தொட்டியும் குழாயும் படத்தைவிட்டு வெளியே போய்விடும். எங்கே திரும்பினாலும் குப்பையாகத் தெரிந்தால், விரித்த கறுப்புக் குடை ஒன்றைப் பூவுக்கு இரண்டடி பின்னால் பிடியுங்கள்.

கத்தரிப்பூ, தக்காளிப் பூ, மிளகாய்ப் பூ மூன்றும் தலை கவிழ்ந்து பூப்பவை. மேலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழே வரும், அப்படியே தொட்டியின் விளிம்பை ஒட்டி வைத்து மேல்நோக்கி எடுங்கள். கத்தரிப்பூவின் ஊதா இதழும் நடுவில் கூம்பாக நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகளும் அப்போதுதான் தெரியும்.

மாடியில் காற்று எப்போதும் ஒரு தொல்லை. காலையில் காற்று குறைவு. ஆடி மாதத்தில் அதுவும் கிடையாது. கொடியை ஒரு குச்சியில் துணி கிளிப்பால் லேசாகப் பிடித்து வையுங்கள், வரிசையாகப் பல படம் எடுங்கள். ஒன்றாவது ஆடாமல் வந்திருக்கும்.

பூ மேல் தண்ணீர் தெளித்து எடுப்பது பலருக்கும் பிடித்த வேலை. ரோஜாவுக்குச் செய்யுங்கள். காய்க்க வேண்டிய பூசணிப் பூவுக்கும் பீர்க்கம்பூவுக்கும் செய்யாதீர்கள். மகரந்தம் நனைந்தால் கெட்டுவிடும், காய் பிடிக்காது.

காயை எடுப்பது

சுரை, பூசணி போன்ற கொடிகளில் எடுக்க வேண்டிய முதல் படம் பெண் பூ. இதழுக்குப் பின்னால் குட்டிச் சுரையோ குட்டிப் பூசணியோ ஒட்டியிருக்கும், ஆண் பூவில் வெறும் காம்புதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற ஒரு படத்தை அனுப்பினால், “பூக்குது, காய்க்க மாட்டேங்குது” என்று கவலைப்படும் புதியவர்களுக்கு அதைவிட உதவி வேறில்லை. தொடக்கத்தில் ஆண் பூக்களே அதிகம் வரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

வெண்டையில் ஒரே கணுவைத் தினமும் எடுத்துப் பாருங்கள். முதல் நாள் பூ, மறுநாள் சுருண்ட இதழ், அது உதிர்ந்ததும் விரல் நுனி அளவுக்குப் பிஞ்சு, ஆறாம் ஏழாம் நாளில் பறிக்கிற காய். ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிஞ்சு எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று பார்த்த பிறகு யாரும் வெண்டையை முற்ற விட மாட்டார்கள்.

காயின் அளவு படத்தில் தெரியாது. பக்கத்தில் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம், எல்லார் வீட்டிலும் இருக்கும். பெரிய காய்க்கு உள்ளங்கையே போதும். கேமராவுக்கு முன்னால் காயை நீட்டிப் பிடித்துப் பெரிதாகக் காட்டுவது மட்டும் வேண்டாம்.

பறித்ததை அடுக்கி எடுக்கும்போது எவர்சில்வர் தட்டைத் தவிர்க்கவும். வானமும் உங்கள் முகமும் அதில் தெரியும். முறம், சாக்கு, வாழை இலை, பழைய மரப்பலகை எல்லாம் நன்றாக இருக்கும். ஒவ்வொரு காயிலும் பளிச்சென்று இருப்பதை மட்டும் பொறுக்கி அடுக்காமல், கோணல் கத்தரியும் வெடித்த தக்காளியும் சேர்ந்து இருக்கட்டும். வீட்டு அறுவடை அப்படித்தான் இருக்கும், புதியவர்களும் தங்கள் காயைப் பார்த்து மனம் உடைய மாட்டார்கள்.

நோய்க்கு எடுக்கும் படம்

இது அழகுக்கு இல்லை, ஆனாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். யோசனை கேட்டு அனுப்பும் படங்களில் பாதியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே ஒரு மங்கலான இலை, “இதற்கு என்ன செய்யலாம்” என்று ஒரு வரி. மூன்று படம் அனுப்புங்கள்: முழுச் செடி தொட்டியோடு, பாதிக்கப்பட்ட இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம். வெள்ளை ஈயும் அசுவினியும் பெரும்பாலும் அடியில்தான் உட்கார்ந்திருக்கும். மிளகாயில் இலைச்சுருட்டல் என்றால் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் கூடுதலாக வேண்டும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் என்ற பூச்சியைச் சந்தேகப்படுவார்கள், கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தி என்ற மிகப் பொடியான சிலந்தியை. மேலிருந்து எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பொறுக்குவதும் திருத்துவதும்

எடுத்த அன்றைக்கே உட்கார்ந்து அழியுங்கள். ஒரு பூவுக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. ஒரே செம்பருத்தியைப் பதினைந்து கோணத்தில் அனுப்பினால் யாரும் கடைசிவரை பார்க்க மாட்டார்கள்.

திருத்தம் என்றால் ஓரம் வெட்டுவது, கோணலை நேராக்குவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்குவது. போனிலேயே இருக்கும் எடிட் வசதி போதும், ஸ்னாப்சீட் ஆப் இருந்தால் இன்னும் வசதி. நிறத்தைக் கூட்டும் பட்டையில் கை வைக்காதீர்கள். சங்குப்பூவின் நீலம் சில போன்களில் ஊதாவாக வரும், அதைக் கையில் பூவை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சரி செய்வது நியாயம். இளம் ஊதாக் கத்தரியைக் கறுப்பாக்கிக் காட்டினால், அதை நம்பி விதை வாங்கியவர் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி ஏமாறுவார்.

அனுப்பும்போது

படத்தோடு எழுத வேண்டியது: ரகத்தின் பெயர், விதைத்த மாதம், தரையா தொட்டியா, தொட்டி என்றால் அளவு, எத்தனை மணி நேரம் வெயில், என்ன உரம், ஊர். “ஆடிப்பட்டத்தில் போட்ட முள்ளு கத்தரி, 15 இன்ச் பேக், காலை வெயில் மட்டும், மாதம் இருமுறை பஞ்சகவ்யா, வேலூர்” என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்தப் படத்தின் மதிப்பே வேறு. ரகம் தெரியாவிட்டால் “நாட்டு ரகம்” என்று ஊகித்து எழுதாமல், விதை எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் படம் சுருங்கும். எச்டி என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு தெளிவாகப் போகும். டாக்குமென்டாக அனுப்பினால் அசல் படமே போகும், ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கேமராவில் லொகேஷன் போட்டு வைத்திருந்தால் உங்கள் வீட்டின் இருப்பிடமும் படத்துக்குள்ளேயே போய்ச் சேரும். தெரியாதவர்கள் இருக்கும் குரூப் என்றால் கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். பின்னணியில் கதவு எண், வண்டி எண், பக்கத்து வீட்டு பால்கனி, விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கொடியில் காயும் துணி நம் பூப்படத்தில் இருக்க வேண்டாம்.

இன்னொருவர் படம் பிடித்திருந்து அதை வேறு இடத்தில் போட ஆசைப்பட்டால், அவரிடம் கேளுங்கள், பெயர் போட்டு அனுப்புங்கள். பெயர் இல்லாமல் சுற்றும் படத்தில் ரகமும் ஊரும் தொலைந்துபோகும், கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது.

நல்ல படம் அனுப்பினால் விதை கேட்டு ஆள் வருவார்கள். அதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யலாம். விதைக்கு விட்ட காயைப் பிஞ்சிலும் முற்றிய பிறகும் ஒவ்வொரு படம் எடுத்துத் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். விதைக் கவர் மேல் ரகத்தையும் எடுத்த மாதத்தையும் எழுதுங்கள். விதையோடு அந்தப் படங்களையும் அனுப்பினால், தன் தோட்டத்தில் காய்த்தது அதே ரகம்தானா என்று அவர் ஒப்பிட்டுக்கொள்வார். நீட்டுச் சுரையும் குண்டுச் சுரையும் ஒரே மாடியில் வளர்த்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பூச்சிகள் இரண்டுக்கும் போய் வரும், விதையில் கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.